பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவுகளும் கலை நிகழ்ச்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகங்களில் நடக்கும் பொது உரைகளுக்கும் இசை, நாடக நிகழ்ச்சிகளுக்கும் நான் விடாமல் போவது தெரிந்ததிலிருந்து, நண்பர்களும் உறவினர்களும் அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. இடத்துக்கு இடம் சில நடைமுறைகள் மாறும், ஆனால் அடிப்படை எங்கேயும் ஒன்றுதான்.

நான் அந்தப் பல்கலைக்கழகத்துல படிக்கவே இல்லையே, என்னை உள்ளே விடுவாங்களா?

விடுவார்கள். அறிவிப்பில் 'பொதுச் சொற்பொழிவு' என்றோ 'அனைவரும் வருக' என்றோ இருந்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான். வாசலில் யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் நிகழ்ச்சியின் பெயரையும் அரங்கத்தின் பெயரையும் சொன்னால் போதும். சில வளாகங்களில் அடையாள அட்டை கேட்டு ஏட்டில் எழுதிக்கொள்வார்கள், அதனால் ஒன்றைக் கையோடு வைத்திருப்பது நல்லது. படித்திருக்க வேண்டும், பட்டம் இருக்க வேண்டும், அந்தத் துறையில் வேலை பார்க்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது.

கூச்சப்படுகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கதவைத் திறந்து வைப்பது பல்கலைக்கழகம் நமக்குப் போடும் பிச்சை இல்லை, அதன் வேலைகளில் ஒன்று. பாரிஸில் 1530-இல் தொடங்கிய 'காலேஜ் த பிரான்ஸ்' பட்டமே கொடுப்பதில்லை. அங்கே பேராசிரியர்கள் நடத்தும் உரைகளுக்கு யார் வேண்டுமானாலும் பெயர்கூடப் பதியாமல் போய் உட்காரலாம். லண்டனில் தாமஸ் கிரெஷாம் என்ற வணிகர் எழுதி வைத்த உயிலால் 1597-இல் உருவான கிரெஷாம் கல்லூரியும் அப்படித்தான், அங்கே மாணவர் சேர்க்கை என்ற ஒன்றே இல்லை, ஊருக்குப் பொதுவாக இலவச உரைகள் நடத்துவது மட்டும்தான் வேலை. நானூறு வருடங்களுக்கு மேலாக நடக்கும் விஷயம் இது, நீங்கள் தயங்கித் தயங்கி வாசலில் நிற்க வேண்டியதில்லை.

காசு கட்டணுமா?

உரைகள் பெரும்பாலும் இலவசம். இசை, நாடகம், திரையிடல் போன்றவற்றுக்குச் சில இடங்களில் சிறு கட்டணம் இருக்கும், மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் அதிலும் சலுகை இருக்கும். மாநாடு என்றால் கதை வேறு. அதற்குப் பதிவுக் கட்டணம் கணிசமாக இருக்கும், ஆனால் அதே மாநாட்டின் தொடக்க உரையையோ மாலை நேரக் கலை நிகழ்ச்சியையோ மட்டும் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்து விடுவது உண்டு. நிரலைக் கடைசி வரி வரை படியுங்கள்.

எனக்கு எப்பவும் முடிஞ்ச பிறகுதான் தெரிய வருது. முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

இதுதான் எல்லோருக்கும் உள்ள குறை, அதில் நியாயமும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தில் இருக்கும் நிகழ்ச்சி நாட்காட்டியை மட்டும் நம்பினால் பாதி தப்பிப் போகும், ஏனென்றால் ஒவ்வொரு துறையும் தன் நிகழ்ச்சியைத் தன் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடும். உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று துறைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள். பட்டியல் இல்லாவிட்டால் துறை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதி, பொது உரைகள் நடக்கும்போது தகவல் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அரங்கம் நிறைய வேண்டும் என்ற கவலை எப்போதும் உண்டு, சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

நூலகம், அருங்காட்சியகம், இசைத்துறை, வெளிநாட்டு மொழித்துறை ஆகிய நான்கையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நல்ல நிகழ்ச்சிகள் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். அப்புறம், பழைய முறையான அறிவிப்புப் பலகை. ஒருமுறை வளாகத்துக்குள் போனால் துறைக் கட்டடத்தின் படிக்கட்டருகே ஒட்டியிருப்பதை நின்று படித்துவிட்டு வாருங்கள், இணையத்தில் வராத இரண்டு அறிவிப்புகளாவது அங்கே இருக்கும்.

சொற்பொழிவு, செமினார், சிம்போசியம், கலோக்வியம்னு என்னென்னவோ போடறாங்க. நான் எதுக்குப் போகலாம்?

பொதுச் சொற்பொழிவு உங்களை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டது. பேசுபவர் பெரும்பாலும் ஒருவர், ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு கேள்விகள். கலோக்வியம் என்பது ஒரு துறை முழுவதற்குமான உரை, அதாவது இயற்பியல் துறையில் வானியல் செய்பவருக்கும் திண்மப் பொருள்களை ஆராய்பவருக்கும் சேர்த்துப் பேசுவது. கொஞ்சம் அடிப்படை தெரிந்தவர்கள் முதல் இருபது நிமிடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளலாம். செமினார் அதைவிடக் குறுகியது, ஒரே சிக்கலில் வேலை செய்யும் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கும் இடம். சிம்போசியம் என்பது ஒரு தலைப்பில் பலர் வரிசையாகப் பேசும் ஒரு நாள் அல்லது அரை நாள் நிகழ்ச்சி. பயிலரங்கம் என்றால் உட்கார்ந்து கேட்பது மட்டுமல்ல, கையால் எதையாவது செய்ய வேண்டியிருக்கும், இடமும் குறைவு.

செமினாருக்குப் போகக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டால் அநேகமாக வரச் சொல்வார். முதல் தடவையே அங்கே போய் ஒன்றும் புரியாமல் திரும்பி, பல்கலைக்கழகமே நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான். முதலில் பொதுச் சொற்பொழிவு.

போனா எனக்கு ஒண்ணுமே புரியாம போயிட்டா?

முழுவதும் புரிய வேண்டும் என்று யார் சொன்னது? அரங்கத்தில் இருக்கும் பேராசிரியர்களுக்கே, தங்கள் துறை இல்லாவிட்டால், முழுவதும் புரிவதில்லை. ஒரு உரையிலிருந்து ஒரு கேள்வியும் ஒரு புதுப் பெயரும் உங்களோடு வீட்டுக்கு வந்தால் அது நல்ல மாலை.

1943 பிப்ரவரியில் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் பொதுமக்களுக்காகச் சில உரைகள் நிகழ்த்தினார். உயிர் என்பதை இயற்பியலாலும் வேதியியலாலும் விளக்க முடியுமா என்பது தலைப்பு. ஆரம்பத்திலேயே அவர், விஷயம் கடினமானது, இதை எளிய உரை என்று சொல்ல முடியாது என்று எச்சரித்துவிட்டார். அப்படியும் வந்திருந்த சுமார் நானூறு பேர் கடைசி வரை அவ்வளவாகக் குறையவில்லை என்று அடுத்த வருடம் வந்த நூலின் முதல் அத்தியாயத் தொடக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டுபிடித்த வாட்சனும் கிரிக்கும் அந்த நூலைப் படித்துத் தூண்டப்பட்டவர்கள். அந்த நானூறு பேரில் எல்லோரும் விஞ்ஞானிகளாக இருந்திருக்க முடியாது. கடினம் என்று தெரிந்தே வந்து உட்கார்ந்தார்கள்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். போகும் முன் பேச்சாளரின் பெயரையும் தலைப்பையும் தேடிப் பத்து நிமிடம் படித்துவிட்டுப் போங்கள். உரைச் சுருக்கத்தில் புரியாத இரண்டு சொற்களை மட்டும் தெரிந்துகொண்டு போனாலே வித்தியாசம் தெரியும்.

முன்பதிவு கட்டாயமா? 'இடம் நிறைந்துவிட்டது'னு வந்தா விட்டுட வேண்டியதுதானா?

அறிவிப்பில் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் செய்யுங்கள், அவர்கள் நாற்காலிக் கணக்கும் தீ விபத்துப் பாதுகாப்பு விதியும் பார்க்க வேண்டும். ஆனால் இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்களில் ஒரு பகுதி வரவே மாட்டார்கள், இது நடத்துபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் நிறைந்துவிட்டது என்று வந்தாலும் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு நேரத்தோடு போய் வாசலில் நில்லுங்கள். தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போது காலியாக உள்ள இருக்கைகளை வரிசையில் நிற்பவர்களுக்குத் திறந்துவிடுவது பொதுவான வழக்கம். மிகப் பிரபலமான பேச்சாளர் என்றால் பக்கத்து அறையில் திரையில் ஓடவிடுவார்கள்.

நீங்கள் பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் ரத்து செய்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. அந்த இடம் வாசலில் நிற்கும் ஒருவருக்குப் போகும்.

கூட்டமே இல்லாம நானும் இன்னும் மூணு பேரும் மட்டும் இருந்தா சங்கடமா இருக்காதா?

நியூட்டன் கேம்பிரிட்ஜில் பாடம் நடத்தியபோது கேட்க வருகிறவர்கள் மிகக் குறைவு, பல நேரம் ஆளில்லாமல் சுவர்களுக்குத்தான் படித்தார் என்று அவருடைய உதவியாளர் ஹம்ஃப்ரி நியூட்டன் எழுதி வைத்திருக்கிறார். கூட்டத்தை வைத்து உரையை எடை போட முடியாது. ஆள் குறைந்த அரங்கம்தான் கேட்கிறவருக்கு வசதி, பேச்சாளர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார், கேள்வி கேட்கத் தாராளமாக நேரம் கிடைக்கும். முன்வரிசைக்குப் போய் உட்காருங்கள். நாலு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தால்தான் சங்கடம், அதுவும் பேசுகிறவருக்கு.

எத்தனை மணிக்குப் போகணும்? அறிவிப்புல நேரத்துக்குப் பக்கத்துல 'சி.டி.'னு போட்டிருக்கே, அது என்ன?

பொதுவாகப் பதினைந்து நிமிடம் முன்னால். வளாகங்களில் கட்டடத்தைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை, கட்டடத்துக்கு ஒரு பெயர், அரங்கத்துக்கு இன்னொரு பெயர், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

'சி.டி.' என்பது ஜெர்மனியிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் படிக்கப் போனவர்கள் கேட்கும் கேள்வி. 'கும் டெம்போரே' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது, போட்ட நேரத்திலிருந்து கால் மணி கழித்துத் தொடங்கும் என்று பொருள். 6 மணி சி.டி. என்றால் 6.15. 'எஸ்.டி.' என்று போட்டிருந்தால் சரியாக 6 மணிக்கே தொடங்கிவிடும். உரை முடிந்ததும் அங்கே கைதட்டுவதற்குப் பதில் மேசையை விரல் முட்டிகளால் தட்டுவார்கள், பயந்துவிடாதீர்கள், அது பாராட்டுத்தான்.

பாதியில எழுந்து போகலாமா?

போகலாம், குற்றமில்லை. போக வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்தால் ஓரத்து இருக்கையில், கதவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். சிறந்த தருணம் உரை முடிந்து கைதட்டல் எழும் நேரம், கேள்விகள் தொடங்கும் முன். இசை நிகழ்ச்சியில் மட்டும் ஒரு உருப்படி முடியும் வரை காத்திருக்க வேண்டும். தாமதமாக உள்ளே நுழைவதற்கும் இதே விதிதான்.

சாதாரண உடையில போகலாமா?

போகலாம். அழைப்பிதழில் உடை பற்றித் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் தவிர யாரும் கவனிக்க மாட்டார்கள். குளிரூட்டப்பட்ட அரங்கமாக இருந்தால் மேலே போட்டுக்கொள்ள ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு எடுக்கலாமா? போன்ல ரெக்கார்ட் பண்ணலாமா?

குறிப்பு தாராளமாக எடுக்கலாம். மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய பையன், பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. கடைக்கு வந்து போகும் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டுகளை வைத்துக்கொண்டு 1812-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். கேட்டதையெல்லாம் எழுதி, படங்கள் வரைந்து, தனக்குத் தெரிந்த தொழிலாலேயே அதை நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-இல் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கை ஒரு பொது உரையின் குறிப்பேட்டிலிருந்து தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அது பல்கலைக்கழகம் இல்லைதான், ஆனால் பொது உரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பதிவு செய்வது வேறு விஷயம். பேச்சு பேச்சாளருக்குச் சொந்தம், ஸ்லைடில் இருக்கும் படங்களில் சில இன்னும் வெளியாகாத ஆய்வாக இருக்கலாம். ஒருங்கிணைப்பாளரிடம் கேட்காமல் முழு உரையையும் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். உங்கள் நினைவுக்காக ஒரு ஸ்லைடைப் படம் எடுப்பதைப் பெரும்பாலானவர்கள் தடுப்பதில்லை, 'படம் எடுக்க வேண்டாம்' என்ற குறி இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நாடகத்திலும் நடனத்திலும் ஃபிளாஷ் வெளிச்சம் கூடவே கூடாது, மேடையில் இருப்பவர் கால் தவறிவிடுவார்.

கேள்வி கேட்க ஆசை, ஆனா தப்பாக் கேட்டுடுவேனோன்னு பயமா இருக்கு.

கேளுங்கள். அரங்கத்தில் உங்களுக்கு வந்த அதே சந்தேகம் இன்னும் பத்துப் பேருக்கு இருக்கும், அவர்களும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். 'நீங்கள் சொன்ன இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?', 'இது எப்படித் தெரிய வந்தது?', 'இதை எதிர்த்துச் சொல்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?' போன்ற கேள்விகள் எந்தத் துறையிலும் செல்லும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பல சமயம் உரையைவிட நன்றாக இருக்கும்.

தவறான கேள்வி என்று ஒன்று இல்லை, ஆனால் தவறான நீளம் உண்டு. மைக் கைக்கு வந்ததும் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லத் தொடங்கி, ஐந்து நிமிடம் கழித்து 'இது என் கருத்து' என்று முடிப்பவர் எல்லா அரங்கத்திலும் ஒருவர் இருக்கிறார். அவரால் மற்ற நான்கு பேருக்குக் கேட்க நேரம் இல்லாமல் போகிறது, அதிலும் கூச்சப்படும் இளையவர்களின் வாய்ப்புத்தான் முதலில் பறிபோகும். கேள்வியைத் தாளில் இரண்டு வாக்கியமாக எழுதிவைத்துக்கொண்டு எழுந்தால் பயமும் குறையும், நீளமும் குறையும். மைக் வரும் வரை காத்திருங்கள், உங்கள் குரல் பெரியதாக இருந்தாலும்கூட, ஏனென்றால் நேரலையில் பார்ப்பவர்களுக்கும் காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கும் மைக் வழியாக வந்தால்தான் கேட்கும்.

உரை முடிஞ்சதும் பேச்சாளர்கிட்ட நேரா போய்ப் பேசலாமா? நான் யாருமில்லையே.

1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து உரையாற்றினார். அவருடைய அணு அமைப்பு நூலைத் தானே படித்து முடித்திருந்த ஒரு இளங்கலை மாணவர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே தேடிப் போனார். நீ படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் டிராக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று சோமர்ஃபெல்ட் சொன்னதும் அந்த மாணவருக்குக் காலடியில் நிலம் நழுவியிருக்கும். ஆனால் சோமர்ஃபெல்ட் அத்தோடு அனுப்பிவிடவில்லை, உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தானாகவே மேலே படித்த மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லோரும் விடுதிக் கதவைத் தட்ட வேண்டாம். உரை முடிந்து மேடையருகே சின்னக் கூட்டம் கூடும், அதில் நின்று உங்கள் முறை வந்ததும் உரையில் எந்த இடம் பிடித்தது என்று சொல்லி, ஒரு கேள்வி கேட்டு, இன்னும் படிக்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மூன்று நிமிடம் போதும். வரவேற்பும் தேநீரும் ஏற்பாடாகி இருந்து 'அனைவருக்கும்' என்று சொல்லியிருந்தால் தயங்காமல் போங்கள். 1660 நவம்பர் 28 அன்று, முதல் பதிலில் சொன்ன அதே கிரெஷாம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென்னின் வானியல் உரை முடிந்த பிறகு பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து பேசினார்கள். ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் அந்தப் பேச்சில்தான் தோன்றியது.

அதான் எல்லாம் யூடியூப்ல வந்துடுதே, நேர்ல எதுக்குப் போகணும்?

எல்லாம் வருவதில்லை. வருவதிலும் கேள்வி நேரத்தைப் பலர் வெட்டிவிடுகிறார்கள், உரிமம் இல்லாத இசையும் படங்களும் உள்ள பகுதிகளை நீக்கிவிடுகிறார்கள். முந்தைய பதிலில் சொன்னது எதுவும் திரையில் நடக்காது.

அதற்காகக் காணொளியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொலைவில் இருப்பவர்களுக்கும் வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கும் அதுதான் வழி. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1964-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய ஏழு உரைகளை பி.பி.சி. படம் பிடித்து வைத்ததால்தான் இன்று நாம் அவர் கரும்பலகை முன்னால் நடந்து நடந்து பேசுவதைப் பார்க்கிறோம். பில் கேட்ஸ் அவற்றின் உரிமையை வாங்கி, 2009-இல் எல்லோரும் இலவசமாகப் பார்க்க இணையத்தில் வெளியிட வழி செய்தார். பக்கத்தில் நடந்தால் நேரில், தூரத்தில் நடந்தால் நேரலையில், இரண்டும் முடியாவிட்டால் பதிவில். நேரலையில் பார்த்தால் கேள்விப் பெட்டியில் எழுதுங்கள், நெறியாளர்கள் அதையும் படிப்பார்கள்.

இசை, நாடகம் எல்லாம் மாணவர்கள்தானே செய்யறாங்க, அது எப்படி இருக்கும்?

இசைப் பட்டப்படிப்பின் இறுதியில் மாணவர் தனியாக மேடையேறும் தேர்வுக் கச்சேரி என்று ஒன்று உண்டு, பல இடங்களில் அது பொதுமக்களுக்கும் திறந்திருக்கும், இலவசமாகவே. ஒருவர் பல வருடங்கள் பயிற்சி செய்ததை ஒரு மணி நேரத்தில் கொட்டுவார். முன்வரிசையில் தேர்வாளர்கள் தாளும் பேனாவுமாக இருப்பார்கள், மேடையில் இருப்பவரின் விரல் முதல் நிமிடம் நடுங்குவது தெரியும், பிறகு எங்கோ ஓரிடத்தில் அது நின்று இசை தானாக ஓடத் தொடங்கும். தொழில்முறைக் கச்சேரியில் இதைப் பார்க்க முடியாது. நீங்கள் போய் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைக்கு அது பெரிய பலம், அரங்கில் பாதி அவர்கள் வீட்டு ஆட்களாகத்தான் இருக்கும்.

நாடகத்துறையில் வெளியே யாரும் துணியாத நாடகங்களைப் போடுவார்கள், டிக்கெட் விற்குமா என்ற கவலை அவர்களுக்குக் குறைவு. சில நாடகம் சொதப்பும், சில உங்களைத் தூங்க விடாது. மேற்கத்தியச் செவ்விசை நிகழ்ச்சி என்றால் ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவதில்லை, சந்தேகமாக இருந்தால் மற்றவர்கள் தட்டும் வரை பொறுத்திருங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?

அறிவியல் விளக்கங்கள், வானம் பார்க்கும் இரவுகள், அருங்காட்சியக நாட்கள், துறைகளைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கத் திறந்துவிடும் நாட்கள் ஆகியவற்றுக்குக் கட்டாயம். ராயல் இன்ஸ்டிட்யூஷன் 1825-லிருந்து சிறுவர்களுக்காகவே கிறிஸ்துமஸ் உரைகளை நடத்தி வருகிறது, மேலே சொன்ன ஃபாரடேயே அதைப் பல வருடம் நிகழ்த்தியவர். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் 2002-இல் 'சிறுவர் பல்கலைக்கழகம்' என்று தொடங்கியது, உண்மையான பேராசிரியர்கள், உண்மையான விரிவுரை அரங்கம், இருக்கைகளில் பிள்ளைகள். பிறகு பல நாடுகளில் அதைப் பின்பற்றினார்கள்.

பெரியவர்களுக்கான ஒரு மணி நேர உரைக்குச் சின்னக் குழந்தையைக் கூட்டிப் போவது குழந்தைக்குத்தான் தண்டனை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஆர்வம் இருந்தால் கூட்டிப் போங்கள், ஓரத்து இருக்கை பற்றிச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியில வர்றவங்க, காது சரியா கேட்காதவங்க என்ன செய்யறது?

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். சாய்வுப்பாதை எந்தப் பக்கம், மின்தூக்கி இருக்கிறதா, முன்வரிசையில் இடம் ஒதுக்க முடியுமா, சைகைமொழி பெயர்ப்பாளரோ திரையில் எழுத்து வடிவமோ கிடைக்குமா என்று குறிப்பாகக் கேளுங்கள். பழைய விரிவுரை அரங்கங்கள் படிக்கட்டாக இறங்கும் அமைப்பில் இருக்கும், மேல்வாசல் வழியாக வந்தால் கடைசி வரிசையில் மட்டும்தான் சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கும். முன்பே சொன்னால் கீழ்க்கதவைத் திறந்து வைப்பார்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். இது சலுகை கேட்பது இல்லை, 'அனைவரும் வருக' என்று அவர்கள்தான் போட்டிருக்கிறார்கள்.

யாரோ ஒருத்தர் பேர்ல 'அறக்கட்டளைச் சொற்பொழிவு', 'நினைவுச் சொற்பொழிவு'னு போடறாங்களே. அந்தக் குடும்பத்துக்காரங்க நிகழ்ச்சியா அது?

இல்லை. ஒருவர் தன் பெயரிலோ மறைந்த உறவினர் பெயரிலோ ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்கிறார், அதன் வட்டியில் ஆண்டுதோறும் அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அறிஞரை அழைத்துப் பேச வைக்கிறார்கள். அசுதோஷ் முகர்ஜி கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மறைந்த மகள் கமலாவின் நினைவாக ஏற்படுத்திய கமலா சொற்பொழிவுகளை 1933-இல் தாகூர் நிகழ்த்தியிருக்கிறார். குடும்பத்தார் முன்வரிசையில் இருக்கலாம், ஆனால் அரங்கம் உங்களுடையதும்தான்.

ஸ்காட்லாந்து நீதிபதி ஆடம் கிஃபோர்ட் 1887-இல் இறந்தபோது எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ், அபர்டீன் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் பணம் எழுதி வைத்தார். கடவுளைப் பற்றிய அறிவை மற்ற அறிவியலைப் போல ஆராய்ந்து பேச வேண்டும், பேசுகிறவருக்கு எந்த மதச் சோதனையும் வைக்கக் கூடாது, மதமே இல்லாதவரும் ஐயப்படுபவரும் பேசலாம், மாணவர்கள் மட்டுமல்லாமல் ஊரார் எல்லோரும் வந்து கேட்கலாம் என்று உயிலிலேயே எழுதினார். கிஃபோர்ட் உரைகள் இன்றும் நடக்கின்றன. நன்கொடை கொடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் அந்த உயிலைப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஆய்வு மாணவரோட வாய்மொழித் தேர்வுக்கு வெளியாள் போகலாமா?

நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பெரும்பாலும் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், துறையில் ஆர்வமுள்ளவர்கள் முன்னிலையில் திறந்த அரங்கில் நடக்கிறது. பிரிட்டனில் மூடிய அறையில். ஸ்வீடனில் பொது நிகழ்வு, 'எதிர்வாதி' என்றே ஓர் அறிஞரை அழைத்து ஆய்வேட்டைக் கேள்வி கேட்க வைப்பார்கள், கடைசியில் அரங்கில் இருப்பவர்களும் கேட்கலாம். நெதர்லாந்தில் முக்கால் மணி நேரம் ஆனதும் அங்கியணிந்த அலுவலர் கோலோடு உள்ளே வந்து 'ஹோரா எஸ்ட்', அதாவது நேரம் ஆயிற்று என்பார், அத்தோடு முடிந்தது, மாணவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி.

தெரிந்தவர் என்றால் ஆய்வு மாணவரிடமே கேட்டுவிட்டுப் போங்கள். சிலருக்குக் கூட்டம் தைரியம் தரும், சிலருக்குப் பதற்றம் தரும்.

சான்றிதழ் குடுப்பாங்களா?

பொது உரைக்குப் பொதுவாகக் கிடையாது. பயிலரங்கத்துக்கும் மாநாட்டுக்கும் உண்டு. சான்றிதழுக்காக மட்டும் வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, கட்டாயப்படுத்தி உட்கார வைக்கப்பட்ட மாணவர்களைக் குறை சொல்லவில்லை.

பேசறவர் சொல்ற கருத்தை என்னால ஏத்துக்கவே முடியல. அப்படிப்பட்டவரை எதுக்குக் கூப்பிடறாங்க? நான் என்ன செய்யறது?

அழைப்பதாலேயே பல்கலைக்கழகம் அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறது என்று ஆகாது. கிஃபோர்டின் உயிலில் இருந்த எண்ணமும் அதுதான், எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள் ஒரே மேடையில் அடுத்தடுத்த வருடம் வந்து பேச வேண்டும். ஆனால் யாரை அழைப்பது என்பது ஒரு தேர்வு, அந்தத் தேர்வைக் கேள்வி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்பாட்டாளருக்கு எழுதலாம். வாசலில் அமைதியாகப் பதாகை பிடிக்கலாம், வளாக விதிகளைத் தெரிந்துகொண்டு. உள்ளே வந்து கடுமையான ஒரு கேள்வி கேட்கலாம், அதற்குத்தான் கேள்வி நேரம் இருக்கிறது. சரியான ஆதாரத்தோடு இரண்டு வாக்கியத்தில் கேட்ட கேள்விக்குப் பேச்சாளர் மழுப்பினால் அரங்கம் முழுவதும் அதைப் பார்க்கும்.

பேச விடாமல் கூச்சல் போடுவதை என்னால் ஆதரிக்க முடியாது. கேட்க வந்தவர்களின் உரிமையும் அதில் போகிறது. இதில் எனக்குத் தெரிந்த நல்லவர்கள் சிலர் என்னோடு உடன்பட மாட்டார்கள், பேச்சால் நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர்கள் அப்படி நினைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு பிரிவினரை மனிதர்களாகவே மதிக்காத பேச்சு வேறு, பிடிக்காத கருத்து வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் முடிவெடுங்கள்.

எங்களுக்குப் பிடிச்ச ஒருத்தரைக் கூப்பிட்டுப் பேச வைக்கச் சொல்லி நாங்க கேட்க முடியுமா?

முடியும், கேட்பவர்கள் குறைவு என்பதால் கவனிக்கவும் செய்வார்கள். துறைத் தலைவருக்கோ உரைத் தொடரின் ஒருங்கிணைப்பாளருக்கோ ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். யார், எந்தத் தலைப்பில், யார் கேட்க வருவார்கள், அவர் வேறு வேலையாக ஊருக்கு வரும் தேதி ஏதாவது தெரியுமா என்ற நான்கும் இருக்கட்டும். கடைசி விஷயம் முக்கியம், பயணச் செலவு இல்லை என்றால் பாதித் தடை நீங்கிவிடும். உங்களிடம் வாசகர் வட்டமோ இசைக்குழுவோ இருந்தால் சேர்ந்து நடத்துவதாகச் சொல்லுங்கள், அறிவிப்பைப் பரப்பும் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுத் திட்டம் கல்வியாண்டு தொடங்கும் முன்பே முடிவாகிவிடும், அதனால் ஆறு மாதம் முன்னால் எழுதுவது நல்லது. பேச்சாளரிடம் நீங்களே பேசி ஒப்புதல் வாங்கிவிடாதீர்கள். அழைப்பு பல்கலைக்கழகத்திடமிருந்துதான் போக வேண்டும், இல்லாவிட்டால் அறை கிடைக்காமல் போகும் நாளில் அவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.